ஒரே ஒரு நாள் போட்ட ஷூ

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஊரையே முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ப் பழகியவள். அன்றைக்கு மலைப்பாதையில் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்தாள். எல்லாருக்கும் முன்னால் பெரியவள், ஓடாத குறையாக. அவளுக்கு ஒரு கூப்பிடு தூரம் பின்னால் இவள் கணவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பைக்குள் போட்டபடி சின்னவன். கடைசியில் இவள், முதுகில் சாப்பாட்டுப் பையோடு.

"அம்மா, இந்தக் கல்லு உன் பையில வச்சுக்கோ. என்னோடது நிறைஞ்சிடுச்சு" என்று சின்னவன் திரும்பி ஓடி வந்து நீட்டினான்.

"மலையவே பேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோயிடுவ போல" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கல்யாணமாகி வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே சின்னவன் அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பெற்றவள் போனபோது அவன் நடை பழகியிருந்தானே தவிர, நினைவு பழகியிருக்கவில்லை. சிக்கல் பெரியவளிடம்தான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு நடந்த கல்யாணம் இவளுடையது. வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தவள் இல்லை. தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். "அவதான் பஸ்ஸைக் கட்டிக்கிட்டாளே" என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். காலை முதல் நடையில் தினமும் ஒருவர் ஏறுவார். கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. அவள் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் தெரிவார், டிபன் பாக்ஸைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. ஒரு மழைநாளில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் பஸ் நின்றுபோனது. ஏறியவர்களெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கண்டக்டரும் உதவி கேட்டுப் போய்விட்டார். இவர் மட்டும் இறங்கவில்லை.

"நீங்க போகலையா?"

"நீங்க தனியா இருக்கீங்களே" என்றார். இழுத்துப் போக வண்டி வரும்வரை முழங்கால் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி நோயில் போனதை, இரண்டு பிள்ளைகள் இருப்பதை எல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டார். பல மாதம் கழித்து டெப்போ வாசலில் நின்று, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க, அத முதல்லயே சொல்லிடறேன்" என்று அவர் ஆரம்பித்தபோது, "அதான் தண்ணிக்குள்ள நின்னப்பவே சொல்லிட்டீங்களே, மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள் இவள்.

பெரியவளுக்குப் பதிமூன்று வயது. புதிதாக வந்தவளை எப்படிக் கூப்பிடுவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "சித்தின்னு கூப்பிடு, அதான் முறை" என்றாள் அவளுடைய அத்தை. ஆன்ட்டி போதுமே என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. உனக்கு எது வருதோ அதைச் சொல்லு என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். அவளுக்கு எதுவுமே வரவில்லை. ஒருவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரே வீட்டில் ஒரு வருஷம் ஓட்டிவிட முடியும் என்பதை அந்தப் பெண் செய்து காட்டினாள். துண்டு எங்கே என்று பீரோவைப் பார்த்துக் கேட்பாள். உப்பு வேண்டுமென்று சுவரிடம் சொல்வாள். அடுத்த அறையில் இருந்தால் எழுந்து வந்து, எதிரில் நின்று, தொண்டையைக் கனைப்பாள். மரியாதையில் குறைவே கிடையாது. வாங்க, போங்க, நீங்க சாப்பிட்டீங்களா, எல்லாம் சரியாக இருக்கும். அந்த மரியாதைதான் இவளைச் சுட்டது. நிறுத்தத்தைத் தவறவிட்ட பயணிகூட இவளிடம் அதைவிட உரிமையாகச் சண்டை பிடிப்பான்.

லீவு விட்டதும் மலைக்குப் போகலாம் என்றவர் கணவர்தான். மனைவி இருந்தபோது ஒரே ஒரு தடவை அங்கே போயிருந்தார்கள். சின்னவன் அப்போது வயிற்றில்கூட இல்லை. பெரியவள் உடனே பீரோவின் மேல்தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே, பேப்பர் சுருட்டித் திணித்துவைத்த பழுப்பு ஷூ. கணுக்கால்வரை வருகிற மாதிரி. கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருந்தது. காலை விட்டுப் பார்த்தாள், அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"எங்க அம்மாவுக்கு மலைன்னா உயிர். அதான் எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாரு" என்று தம்பியிடம் சொன்னாள். யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு டீ பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டார். முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே ஆட்களை அளந்து பழகியவள் இவள். அவர் எதையோ விழுங்கியது தெரிந்தது. கேட்கவில்லை.

மலையுச்சி என்று பெரிதாகச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. காற்று, கொஞ்சம் புல், ஒரு தட்டைப் பாறை. கீழே ஊர் கவிழ்த்துவைத்த தட்டுமுட்டுச் சாமான் மாதிரி கிடந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் ஆரஞ்சும் எடுத்து வைத்தார்கள். பெரியவள் பாறையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தாள். "அம்மா இங்கதான் உக்காந்திருந்தாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"ஆமா, அங்கதான்" என்றார் கணவர். "அன்னைக்கு உங்கம்மா அந்தப் பாறையில உக்காந்துக்கிட்டு..." அங்கே நிறுத்தி, இவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முட்டை ஓடு உரிப்பதில் மும்முரமானார்.

"சொல்லுங்கப்பா. ஏன் பாதியில நிறுத்துறீங்க?" பெரியவளின் குரல் ஏறியிருந்தது. "எப்ப பாரு இப்படித்தான். அம்மா பேச்சு எடுத்தாலே நிறுத்திடறீங்க."

இவளுக்குத் தான் காரணம் என்று தெரியாமல் இல்லை. "சொல்லுங்க, நானும் கேக்கறேன்" என்றாள். "நான் எழுந்து போகணும்னா போறேன்."

"எழுந்தெல்லாம் போக வேணாம்." கணவர் முட்டையை அப்படியே கீழே வைத்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, ஒருவழியாகச் சொல்லிவிட்டார். "அங்க உக்காந்துக்கிட்டு என்னைத் திட்டினா. புது ஷூ, ரெண்டு குதிகாலும் கொப்பளம். எந்த மடையன் இந்த மலைய ஏறச் சொன்னான்னு கேட்டா. நீ அப்ப வெட்டுக்கிளி பிடிச்சுக்கிட்டிருந்த, கவனிக்கல. இறங்கும்போது ஷூவைக் கழட்டி என் கழுத்துல மாட்டிவிட்டுட்டு, ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கிட்டு இறங்கினா. இனிமே என் உசுருள்ளவரைக்கும் மலைப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணா." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அந்த மனுஷி ஒரு நொடி உயிரோடு வந்துபோனாள். "அப்புறம் அந்த ஷூவைத் தொடவே இல்ல. அதனாலதான் புதுசு கணக்கா இருக்கு."

சின்னவன் கெக்கேபிக்கே என்று சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை.

"பொய்" என்றாள்.

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்?"

"பொய்தான். இப்ப வேற ஆள் வந்துட்டாங்கள்ல. அதனால அம்மாவப் பத்தி என்ன வேணா சொல்வீங்க."

எழுந்தாள். பையைக்கூட எடுக்கவில்லை. வந்த வழியே விறுவிறுவென்று இறங்கத் தொடங்கினாள். கணவர் துள்ளி எழுந்தார், ஆனால் சின்னவன் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையிலும் ஆரஞ்சுச் சாறு வழிய உட்கார்ந்திருந்தான்.

"நீங்க இவனைக் கிளப்பிக் கூட்டிட்டு வாங்க. நான் போறேன்" என்றாள் இவள்.

"உன் முட்டி?"

"முட்டி எங்கயும் ஓடிடாது. பொண்ணு ஓடிடும்."

இடது முழங்கால் அவளுக்கு நாள்பட்ட தொந்தரவு. ஆயிரம் நிறுத்தத்தில் கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்தது. ஏறும்போது அது வாயைத் திறக்காது. இறங்கும்போதுதான் அழ ஆரம்பிக்கும். எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினாள்.

பாதை மரங்களுக்குள் நுழைந்த இடத்தில் மேகமும் கூடவே இறங்கியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்னால் நாலு மரம்தான் தெரிந்தது. எல்லாம் வெள்ளையாகிவிட்டது. பஸ் ஓட்டுகையில் மூடுபனி வந்தால் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஹாரனை அடிக்கலாம். இங்கே என்ன செய்வது? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஏதோ ஒரு பறவை சிறகடித்துப் போனது. அந்தப் பெண் காதில் விழுந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாளா, காதிலேயே விழவில்லையா? நின்று கேட்டாள். தன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

அப்போது கீழேயிருந்து சரளைக்கல் சரியும் சத்தம். அதன் பின்னாலேயே, "அம்மா!"

எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தால் அவளுக்கே நினைவில்லை. பாதையை விட்டுக் குறுக்கே, கையால் வேரைப் பிடித்து, பாதி உட்கார்ந்தபடியே சறுக்கி வந்திருந்தாள். பாதை வளைகிற இடத்தில் பெரியவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் துளிர்த்திருந்தது. வலது ஷூவின் சோல் முன்பக்கம் முழுக்கப் பிய்ந்து, நாக்கைத் தொங்கப்போட்ட நாய் மாதிரி தொங்கியது.

"கால அசை பாப்போம். திருப்பு. வலிக்குதா?"

"இல்ல. கைதான்."

தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டாள். கைக்குட்டையைக் கட்டினாள். பெரியவள் அதுவரை தலையைக் குனிந்தே இருந்தாள். பிறகு திடீரென்று சொன்னாள்.

"நான் உங்களக் கூப்பிடல."

"எப்ப?"

"விழுந்தப்ப. கத்தினேன்ல. அது உங்கள இல்ல."

"தெரியும்." இவள் முடிச்சை இறுக்கினாள். "சடன் பிரேக் போட்டா மொத்த பஸ்ஸும் அம்மான்னுதான் கத்தும். கெழவன்ல இருந்து காலேஜ் பசங்க வரைக்கும். ஒருத்தரும் என்னைக் கூப்பிடல. நான் திரும்பிப் பார்த்ததும் இல்ல."

"அப்புறம் இப்ப மட்டும் எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க?"

இவள் கைக்குட்டையின் நுனியை உள்ளே செருகினாள். "இன்னைக்கு கையில ஸ்டியரிங் இல்லையே" என்றாள்.

பெரியவளின் உதடு கோணியது. சிரிக்கப் போகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். அழுதாள். தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக, சின்னவன் அழுவது போலவே அழுதாள். கைக்குட்டை கட்டிய கையால் அந்தச் சோலைப் பிடித்து ஷூவோடு ஒட்டவைக்கப் பார்த்தாள். அது மறுபடி தொங்கியது.

"போடாமலே வச்சிருந்தா பசை செத்துடும். உன்மேல தப்பில்ல" என்றாள் இவள்.

"அப்ப அப்பா சொன்னது நிஜமா? அம்மாவுக்கு மலை பிடிக்கவே பிடிக்காதா?"

இந்த இடத்தில் இதமாக ஒரு பொய் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அவங்களப் பார்த்ததே இல்லையே. ஆனா கொப்பளம் வந்த அன்னைக்கு யாருக்கும் எந்த மலையும் பிடிக்காது."

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். மேகம் மரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்குக் கோபம் வரும்" என்றாள் மெல்ல. "நிறைய வரும். ஒரு தடவ கரண்டியத் தூக்கி எறிஞ்சாங்க, ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சு. அப்புறம் என்னையே போய் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் மறந்தே போயிட்டேன். எப்படி மறந்தேன்?"

"வீட்டுல யாரு அதெல்லாம் பேசறாங்க?"

பேசுவதில்லை. அதுதான் உண்மை. போனவளைப் பற்றி உறவுக்காரர்கள் வந்தால் தங்கம் என்பார்கள், தெய்வம் என்பார்கள். கணவரோ இவள் மனம் நோகுமென்று வாயையே திறப்பதில்லை. கோபமும் கொப்பளமும் உள்ள ஒரு பெண்பிள்ளையை இரண்டு பக்கமும் சேர்ந்து சுவரில் படமாக மாட்டிவிட்டார்கள். இந்தப் பிள்ளை அந்தப் படத்துக்குக் காவல் இருந்திருக்கிறது. இவள் அதைப் பெரியவளிடம் சொல்லவில்லை. தனக்குள்தான் நினைத்துக்கொண்டாள், கொஞ்சம் வெட்கத்தோடு. தானும் அந்தப் படத்துக்கு எதிரே கால் ஓசை படாமல்தானே நடந்துகொண்டிருந்தாள்.

"கழட்டிடவா?" என்று பெரியவள் ஷூவைக் காட்டிக் கேட்டாள். "சாக்ஸோட வரேன். அம்மா மாதிரி."

"கல்லு குத்தும். கட்டிக்கலாம் இரு."

பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டி, பட்டையை அவிழ்த்தாள். ஷூவின் மேலும் கீழுமாக இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். டெப்போவில் ஒழுகுகிற குழாய்க்குக் கட்டுப்போடுகிற மாதிரி இருந்தது, ஆனால் நின்றது. பெரியவள் எழுந்து இரண்டடி நடந்து பார்த்தாள். சரி என்று தலையசைத்து முன்னால் இறங்கினாள்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். இவள் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, போ."

"அந்தப் பட்டை முட்டிக்கா போட்டிருந்தீங்க?" பெரியவள் மேலே ஏறி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஐயோ, உனக்கு முட்டி வலிக்குதுன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே! அறிவிருக்கா உனக்கு? இந்தா, தோள்ல கை வை. வைன்னு சொல்றேன்ல."

இவள் கையை வைத்தாள். காதில் விழுந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. பெரியவள் அப்பாவை நீங்க என்பாள், டீச்சரை நீங்க என்பாள், பால்காரரை நீங்க என்பாள். போனவளோடு எப்படிப் பேசினாள் என்று இவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் சின்னவன் மட்டும்தான் இவளை நீ என்பவன். இப்போது இரண்டாவதாக ஒரு குரல். சொன்னவளுக்கே தான் சொன்னது தெரிந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மெலிந்த தோள் மட்டும் ஒவ்வொரு இறக்கத்திலும் முன்கூட்டியே விறைத்துக்கொண்டு நின்றது.

அடிவாரத்துக்குச் சற்று மேலே கணவர் வந்து சேர்ந்தார். சின்னவன் அவர் கழுத்தில். ஒருத்தி தோளில் இன்னொருத்தி கைபோட்டு நொண்டி வருவதைப் பார்த்து, யாருக்கு அடி என்று புரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் இவள்.

பெரியவள் அப்பாவின் எதிரில் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கரண்டி ஜன்னல் வழியா வெளிய போச்சே, அது உங்களைக் குறிபார்த்து எறிஞ்சதா?" என்றாள்.

கணவர் விழித்தார். பிறகு, "என்னைத்தான். குனிஞ்சுட்டேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இவளுக்கு ஜன்னலோர சீட். வளைவு வரும்போதெல்லாம் இவள் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. சின்னவன் எழுந்து நின்று, "டிரைவர் அங்கிள், எங்கம்மா உங்களைவிட நல்லா ஓட்டும்!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினான். இவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் பெரியவள் பழையபடி நீங்க, வாங்க என்றாள். இவளுக்கு மனம் சிணுங்கியது, காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, படிக்காமல் போனில் கிடந்ததற்கு இவள் ஏதோ கடிந்துகொள்ளப்போக, "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு!" என்று பெரியவள் கதவை அடித்துச் சாத்தினாள். "என்ன பேச்சு இது, மரியாதை வேணாமா?" என்று கணவர் எழுந்தார். "ஐயோ, நீங்க விடுங்க" என்று இவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிறையச் சண்டை நடந்தது. சாப்பாட்டு மேஜையில் போனவளின் பேச்சும் தாராளமாக நடந்தது. அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்களாம். வாரத்துக்கு ஒரு குடை தொலைப்பாளாம். இதையெல்லாம் இவள் ஆர்வமாகக் கேட்டுக்கொள்வாள். சில நாள் லேசாக உறுத்தும். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வாள்.

அம்மா என்றோ சித்தி என்றோ பெரியவள் கடைசிவரை கூப்பிடவில்லை. படிப்பு முடிந்து இப்போது வேறு ஊரில் வேலை. சாயங்காலம் இவள் கடைசி நடையை முடித்து, டெப்போ குழாயில் முகம் கழுவுகிற நேரம் பார்த்துப் போன் வரும். எடுத்தால், "நான்தான்" என்று ஆரம்பிப்பாள். வேறு யாரும் இவளிடம் அப்படி ஆரம்பிப்பதில்லை.

போன வாரமும் அப்படித்தான் வந்தது. "நான்தான். வண்டி ஓட்டக் கத்துக்கிறேன். மேட்டுல நிறுத்தி எடுத்தா பின்னாடியே போகுது. பின்னாடி நிக்கிறவன் ஹாரனா அடிக்கிறான். என்ன பண்றது?"

இவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே சுவரில் சாய்ந்து நின்றாள். "அவன் அடிச்சா அடிக்கட்டும், அது அவன் கை. நீ முதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடு. கிளட்ச்ச மெதுவா விடு, வண்டி லேசா உறுமும் பாரு..." என்று சொல்லச் சொல்ல, தரையில் ஊன்றியிருந்த இடது கால் தானாக எழும்பி இறங்கியது.